பழைய வண்டி பேட்டரியை என்ன செய்வது? செட்டிநாட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் வண்டிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பேட்டரி மாற்ற வருகிறவர்கள் புதியதைப் பற்றி நிறையக் கேட்பார்கள்: எந்தக் கம்பெனி, எத்தனை மாத வாரண்டி, எத்தனை ஆம்பியர். கழற்றி வைத்த பழையதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் பைக், கார், டிராக்டர், லாரியில் இருக்கும் ஆசிட் பேட்டரியைப் பற்றியது. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இதே கதைதான். மின்சார ஸ்கூட்டருக்குத் தனியாகச் சொல்கிறேன்.

செத்துப்போன பேட்டரிதானே, அதில் என்ன ஆபத்து இருக்கப்போகிறது?

செத்தது கரண்ட் மட்டும்தான். உள்ளே இருக்கிற சரக்கு அப்படியே இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் காரீயத் தட்டுகள் அடுக்கி, மேலே தண்ணீர் கலந்த கந்தக அமிலம் ஊற்றியிருப்பார்கள். சின்னக் கார் பேட்டரி ஒன்று சுமார் 10 கிலோ இருக்கும். அதில் பாதிக்கு மேல் காரீயம்தான். பேட்டரி இறங்கியதும் ஆசிட்டின் வீரியம் குறையுமே தவிர, அது நல்ல தண்ணீராகிவிடாது. தட்டுகளிலிருந்து உதிர்ந்த காரீயத் தூளும் அதில் கலந்து கிடக்கும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். "ஈயச் சொம்பில் ரசம் வைத்தே நாங்கள் வளர்ந்தோம், ஈயம் என்ன செய்யும்?" என்று ஒரு ஆச்சி என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ரசச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்தில் பூசுவதும் வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம். பேச்சில் இரண்டையும் ஈயம் என்றே சொல்கிறோம், ஆனால் இரண்டும் வேறு வேறு உலோகம். வெள்ளீயத்தில் சமைக்கலாம். காரீயம் சமையல்கட்டுப் பக்கமே வரக்கூடாது.

காரீயம் உடம்புக்குள் போனால் என்ன ஆகும்?

பெரியவர்களுக்கு வயிற்று வலி, இரத்தச் சோகை, இரத்தக் கொதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு என்று போகும். பிள்ளைகளுக்கு இன்னும் மோசம். உள்ளே போகிற காரீயத்தை அவர்கள் உடம்பு பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். அது மூளையைத் தொடும். படிப்பு ஏறாது, கவனம் நிற்காது. அப்புறம் எலும்பில் போய்த் தங்கி வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். இவ்வளவு வரை போனால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

செனகல் நாட்டின் தலைநகர் டாக்கர் அருகே தியாரோய் என்று ஓர் ஊர். பழைய பேட்டரியை உடைத்துக் காரீயம் எடுப்பது அங்கே பலருக்கும் பிழைப்பாக இருந்தது. உடைத்த இடத்து மண்ணைச் சலித்தும் காரீயத் துணுக்குகளைச் சேர்த்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் அந்த ஊரில் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள்.  அந்த மண்ணும் தூசும்தான் காரீயத்தைப் பிள்ளைகளின் உடம்புக்குள் கொண்டுபோயின.

பேட்டரியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் சிரித்துவிட்டுப் போகிறவர்களிடம் நான் இந்த ஒன்றைத்தான் சொல்வேன்.

சரி, அப்படியானால் எங்கே கொடுப்பது?

புதிய பேட்டரி எங்கே வாங்குகிறீர்களோ அங்கேயே. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி என்று நம் பக்கத்தில் எந்த ஊரானாலும் கம்பெனி டீலரோ பேட்டரிக் கடையோ இருக்கும். எக்ஸ்சேஞ்ச் என்று கேட்டாலே புரிந்துகொள்வார்கள். வண்டியை ஷோரூமில் சர்வீஸுக்கு விட்டு பேட்டரி மாற்றினால் அங்கேயே பழையதை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம்.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. 2001ஆம் ஆண்டிலேயே பேட்டரிக்கென்று தனி விதிகள் வந்தன. அதற்குப் பதிலாக இப்போது நடப்பில் இருப்பது 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள். தயாரித்து விற்கிற கம்பெனிதான் பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும். குப்பை மேட்டில் புதைப்பதும், எரிப்பதும் கூடாது. நம்மைப் போன்றவர்களின் கடமை சின்னதுதான்: மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாக வைத்து, சேகரிக்கிறவர்களிடமோ மறுசுழற்சி செய்கிறவர்களிடமோ கொடுக்க வேண்டும். பேட்டரியின் மேல் குப்பைத்தொட்டிப் படத்தில் குறுக்கே கோடு போட்டு ஓர் அடையாளம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு அர்த்தம் இதுதான். காலையில் வீட்டு வாசலுக்கு வரும் குப்பை வண்டியில் இதைப் போடாதீர்கள். அந்தத் தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் அதைத் தூக்குவார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எக்ஸ்சேஞ்சில் எவ்வளவு கழிப்பார்கள்? ஏமாறாமல் இருக்க என்ன செய்வது?

தொகையை நான் எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். காரீயத்தின் சந்தை விலையோடு அது ஏறி இறங்கும். சில கடைகளில் எடை போட்டுக் கழிப்பார்கள், சில கடைகளில் ஆம்பியரைப் பார்த்துக் கழிப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "பழையதைக் கொடுத்தால் என்ன விலை, கொடுக்காவிட்டால் என்ன விலை?" இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு மூன்று கடைகளில் கேட்டால் நிலவரம் தெரிந்துவிடும். பழைய பேட்டரிக்காகக் கழித்த தொகையை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பில் கேட்டால் முகம் சுளிக்கிற கடையில் பழைய பேட்டரி எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

இன்னொன்று. கொடுப்பதற்கு முன் வாரண்டி கார்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். வாரண்டி மிச்சம் இருந்தால் அது பழைய பேட்டரி இல்லை, மாற்றித் தர வேண்டிய பேட்டரி. முதல் கட்டத்தில் இலவசமாகவே மாற்றித் தருவார்கள், அடுத்த கட்டத்தில் விலையில் ஒரு பங்கு கழிப்பார்கள். கார்டைத் தேடச் சோம்பல்பட்டு எக்ஸ்சேஞ்ச் விலைக்கே கொடுத்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர்.

காயலாங்கடையில் நூறு இருநூறு கூடவே தருகிறார்களே?

தரலாம். எங்கிருந்து அந்தக் கூடுதல் பணம் வருகிறது என்று யோசித்தால் விஷயம் புரியும்.

அனுமதி பெற்ற தொழிற்சாலையில் ஆசிட்டைத் தனியாகப் பிடித்துச் சுத்திகரிக்க வேண்டும். உலைப் புகையை வடிகட்ட வேண்டும். வேலை செய்கிறவர்களுக்கு முகமூடி, கையுறை, இரத்தப் பரிசோதனை என்று செலவு இருக்கிறது. அரசாங்கத்துக்குக் கணக்கும் வரியும் கட்ட வேண்டும். முறையில்லாமல் செய்கிறவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. கோடாரியால் பெட்டியைப் பிளப்பார், ஆசிட்டைச் சாக்கடையிலோ காட்டிலோ ஊற்றுவார், தட்டுகளை இரும்புச் சட்டியில் போட்டு விறகு வைத்து உருக்குவார். காரீயம் சுமார் 327 டிகிரியிலேயே உருகிவிடும், பெரிய உலை தேவையில்லை. அதனால்தான் ஊருக்கு வெளியே கருவேலங்காட்டு மறைவில்கூட இந்த வேலை செய்ய முடிகிறது. அந்தப் புகையும் சாம்பலும் சுற்றி இருக்கிற மண்ணில் படிந்து, அடுத்த மழையில் கண்மாய்க்கு இறங்கும். அவர் மிச்சம் பிடித்த செலவில் உங்களுக்கு இருநூறு ரூபாய் வருகிறது. மீதிச் செலவை யாரோ ஒரு பிள்ளை உடம்பால் கட்டுகிறது.

எல்லாக் காயலாங்கடைக்காரரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. உடைக்காமல் முழுசாகச் சேர்த்து டீலருக்கோ மறுசுழற்சிக் கம்பெனிக்கோ அனுப்புகிறவர்களும் உண்டு. ஆனால் வாசலில் நிற்கிற நமக்கு அது தெரியாது. தெரியாத இடத்தில் கொடுக்காதீர்கள். கடைக்குப் பின்னால் பிளந்த கறுப்புப் பெட்டிகள் கிடந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

மீன் வலைக்குக் குண்டு செய்யப் பழைய பேட்டரிக் காரீயம் கேட்டு வருகிறவர்களும் உண்டு. கண்மாய் வற்றி மீன் பிடிக்கிற சமயத்தில் வீட்டு அடுப்பிலேயே உருக்கி ஊற்றுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த அடுப்பிலும் அந்தச் சட்டியிலும் மறுபடி சோறு வைக்கக்கூடாது என்பதுகூடப் பல பேருக்குத் தெரியாது. குண்டு கடையிலேயே கிடைக்கிறது.

"ஆசிட்டைக் கொட்டிவிட்டு எடுத்து வா, அப்போதுதான் எடை போடுவேன்" என்கிறார்கள். கொட்டலாமா?

கூடாது. முழுசாக, மூடி திறக்காமல், உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கக் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு வரியை ஞாபகம் வைப்பதானால் இதை வையுங்கள்.

எனக்கு இதில் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. நான் தொழில் பழகிய பட்டறையில் பழைய பேட்டரி வந்ததும் பின்பக்கம் தூக்கிப் போய்த் தலைகீழாகக் கவிழ்ப்பதுதான் பையன்களின் முதல் வேலை. நானும் கவிழ்த்தேன். செம்மண் நுரைத்து வெளுத்துப் போகும். அந்த இடத்தில் ஒரு அருகம்புல்கூட முளைத்து நான் பார்த்ததில்லை. யாரும் தப்பு என்று சொல்லித் தரவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்தப் பட்டறைக்கு இருபது அடி தள்ளி ஒரு கிணறு இருந்தது என்பது பல வருடம் கழித்துத்தான் மனதில் உறைத்தது.

நம் ஊர்களைக் கட்டியவர்கள் தண்ணீரை எப்படிப் பார்த்தார்கள் என்று யோசியுங்கள். வற்றாத ஆறு கிடையாது. வானத்துத் தண்ணீர்தான். ஓட்டுக் கூரையில் விழும் மழை முற்றத்துக்கு இறங்கி, அண்டாவில் பிடித்தது போக மிச்சம் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படி தெருவையே சரித்துக் கட்டினார்கள். ஊருணி நிறைந்தால் கிணறு ஊறும். அப்படிப்பட்ட ஊரில் தெருவில் கொட்டுகிற எதுவும் தெருவோடு நிற்காது, வரத்துக்கால் வழியாக ஊருணிக்குத்தான் போகும். ஆசிட் மண்ணோடு சேர்ந்து வீரியம் இழந்துவிடலாம். காரீயம் அழியாது. மேல் மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும்.

வீட்டிலேயே கழற்றலாமா? எதை முதலில் கழற்றுவது?

கார், பைக் என்றால் நிதானமாகச் செய்யலாம். சாவியை எடுத்துவிடுங்கள். மோதிரம், கைச்சங்கிலி, வளையல் கழற்றிவிடுங்கள். முதலில் மைனஸ், அதாவது கறுப்பு ஒயர். அப்புறம் பிளஸ். மாட்டும்போது தலைகீழ்: முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். வண்டியின் உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்திருக்கிறது. பிளஸ் போல்ட்டைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் நெருப்புப் பொறி பறக்கும். மைனஸ் ஏற்கனவே கழன்றிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன் வாயு, ஒரு பொறி போதும்.

பெட்டி உப்பியிருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ நீங்கள் தொட வேண்டாம். ஆளைக் கூப்பிடுங்கள்.

கடைக்கு எப்படி எடுத்துப் போவது?

நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைக்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் வைத்து, அது அசையாமல் காரின் டிக்கியில் வையுங்கள். இரண்டு டெர்மினலையும் இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள், சாவியோ கம்பியோ மேலே விழுந்தால் ஷார்ட் ஆகாது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தால் தொடை வெந்துவிடும். பஸ்ஸில் கட்டாயம் வேண்டாம்.

எங்கள் வீடு வருடத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும். பழைய இன்வெர்ட்டர் பேட்டரிகள் பட்டாசாலைக் கூடத்திலேயே நிற்கின்றன. என்ன செய்ய?

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் இந்தக் கேள்வி அதிகம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு மாதிரி விசேஷம் என்றால் வீடு திறக்கும். அன்றைக்கு கரண்ட் போகக்கூடாது என்று வாங்கிய பேட்டரி, மறுபடி யாரும் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்து செத்திருக்கும். பெரிய இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று 50 கிலோவுக்கு மேல் இருக்கும், அதனால் யாரும் நகர்த்துவதும் இல்லை.

காத்திருக்காதீர்கள். பழைய பெட்டி ஒரு நாள் கசியும். ஆத்தங்குடிக் கல் சிமென்டில் செய்தது, ஆசிட் பட்டால் பூவேலையோடு சேர்த்து அரித்துவிடும். இத்தாலி சலவைக்கல்லும் அப்படித்தான், சுண்ணாம்புச் சுவரும் அப்படித்தான். நூறு வருடம் பளபளப்பாக இருந்த தரையில் வட்டமாக வெளுத்த தடம் விழுந்ததை ஒரு வீட்டில் பார்த்தேன். எத்தனை முறை தேய்த்தாலும் அது போகாது. அந்த வேலைப்பாட்டை மறுபடி அதே நிறத்தில் கொண்டுவர யாராலும் முடியவில்லை.

கடைக்கு போன் செய்தால் பெரிய பேட்டரியை வீட்டுக்கே வந்து எடுத்துப் போவார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: உடைக்க வேண்டாம், கவிழ்க்க வேண்டாம், தெருவில் வருகிற பழைய இரும்பு வியாபாரியிடம் போட வேண்டாம். கழித்த பணத்தை அவருக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லுங்கள், வேலை ஒழுங்காக நடக்கும். ஆள் வரும்வரை காற்றோட்டமான இடத்தில், பிளாஸ்டிக் தட்டின் மேல், பிள்ளைகள் போகாத மூலையில் இருக்கட்டும்.

தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடுமாமே, அதற்காகத்தானே பேட்டரிக்கு அடியில் பலகை வைக்கிறார்கள்?

ரப்பர் பெட்டியில் பேட்டரி வந்த காலத்துப் பேச்சு அது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது. பலகை உங்கள் தரையைக் காப்பாற்றத்தான்.

ஆசிட் மேலே பட்டுவிட்டால்?

உடனே தண்ணீர், நிறையத் தண்ணீர். குழாயடியில் குறைந்தது 15, 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். ஆசிட் பட்ட துணியைக் கழற்றிவிடுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து 20 நிமிடமாவது தண்ணீர் ஓட விட்டு, பிறகு நேரே கண் மருத்துவரிடம் போங்கள். எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு, பல் பேஸ்ட் எதுவும் போடாதீர்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள்.

தரையில் சிந்தியதற்கு ஆப்பசோடா தூவுங்கள். பொங்கும். பொங்குவது நிற்கும்வரை தூவி, ரப்பர் கையுறையோடு துணியில் ஒற்றி எடுங்கள். இது தரைக்கு மட்டும். உடம்பில் சோடாவைத் தேய்க்காதீர்கள்.

உண்மையிலேயே செத்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய நல்ல கேள்வி. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதைச் சுத்தம் செய்து இறுக்கினாலே பாதி வண்டிகள் ஸ்டார்ட் ஆகும். முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்து மீட்டரில் பார்த்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். சார்ஜ் ஏற்றியும் 10 பக்கமே நின்றால் ஒரு செல் போயிருக்கும். அதற்கு மேல் அதில் பணம் போடாதீர்கள். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். வீரியம் வரட்டும் என்று ஆசிட் ஊற்றினால் தட்டு சீக்கிரம் அரித்துப்போகும்.

மின்சார ஸ்கூட்டர் பேட்டரி?

ஆரம்பத்தில் வந்த மலிவு வண்டிகளில் ஆசிட் பேட்டரியே இருந்தது, அதற்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். இப்போது வருவது பெரும்பாலும் லித்தியம். இதில் ஆபத்து வேறு மாதிரி. நசுங்கினாலோ துளை விழுந்தாலோ தானே சூடேறித் தீப்பிடிக்கும், சார்ஜ் இறங்கியதுபோல் தெரிந்தாலும் உள்ளே மிச்சம் இருக்கும். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள் வைக்காதீர்கள். கொடுக்க வேண்டிய இடம் வண்டி வாங்கிய ஷோரூம். 2022 விதிகள் இதற்கும் சேர்த்துத்தான். பிரித்து செல்லை எடுத்து டார்ச் செய்கிறேன் என்று பையன்கள் கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

திரும்பக் கொடுத்த பேட்டரி கடைசியில் எங்கே போகிறது? காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) வாங்குவார்களா?

வாங்க மாட்டார்கள், அது ஆராய்ச்சிக் கூடம். ஆனால் கேள்வியில் ஊர்ப் பாசம் தெரிகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்த மின்வேதியியல் கூடம் அது. பேட்டரி என்பதே மின்வேதியியல்தான். அதற்கென்று நாட்டுக்கே ஒரு கூடம் நம் ஊரில் இருக்கும்போது, பக்கத்துக் காட்டில் பேட்டரியைக் கோடாரியால் பிளப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கடையிலிருந்து பேட்டரிகள் சேர்ந்ததும் லாரியில் மறுசுழற்சி ஆலைக்குப் போகும். அங்கே மூடிய எந்திரத்தில் உடைப்பார்கள். தண்ணீர்த் தொட்டியில் பிளாஸ்டிக் மிதக்கும், காரீயம் அடியில் தங்கும். ஆசிட்டைத் தனியாகப் பிடித்துச் செயலிழக்கச் செய்வார்கள். காரீயத்தை உலையில் உருக்கிச் சுத்தம் செய்து பாளமாக ஊற்றுவார்கள். எத்தனை முறை உருக்கினாலும் அதன் தரம் குறையாது. பிளாஸ்டிக்கும் மறுபடி பெட்டியாகும். இன்றைக்கு நீங்கள் வாங்கும் பேட்டரிக்குள் யாரோ ஒருவர் திருப்பிக் கொடுத்த காரீயம் இருக்கிறது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒருவர் பேட்டரி உடைக்கிறார். யாரிடம் சொல்வது?

முதலில் பிள்ளைகளை அந்த இடத்தில் விளையாட விடாதீர்கள். வெளியே போய் வந்தால் கை கால் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், வீட்டை ஈரத்துணியால் துடையுங்கள், வாரியலால் கூட்டினால் தூசு எழும்பும். பிள்ளை சோர்ந்தே இருந்தால் மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி, இரத்தத்தில் காரீயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

புகாருக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம், உங்கள் மாநகராட்சி அல்லது ஊராட்சி, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டம், மூன்றும் உண்டு. இடம், நேரம், இரண்டு போட்டோ சேர்த்து எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கூடவே ஒன்று செய்ய முடிந்தால் செய்யுங்கள். அந்த உடைக்கிறவரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். பெரும்பாலும் தினக்கூலிக்கு வந்தவர், தன் பிள்ளையைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர். உடைக்காமல் முழுசாகச் சேர்த்துக் கொடுத்தாலும் டீலர் காசு தருவார் என்று அவருக்குச் சொன்னவர்கள் யாரும் இல்லை. நான் சொன்ன இரண்டு பேர் இப்போது முழு பேட்டரியாகவே கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.